கோடு பார்த்துச் சொல்லும் சாத்திரம்

பங்குகளினதும் நாணயங்களினதும் விலை வரைபடத்தைப் பார்த்தே எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முன்கூட்டி அறிந்துகொள்ளலாம் எனக் கற்பிப்பது இன்று தமிழிலும் ஒரு தொழிலாகிவிட்டது. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் காணொளிகள் வந்து குவிகின்றன. பச்சையும் சிவப்புமாக நிற்கும் மெழுகுதிரிகளின் மேல் ஒருவர் கோடு கிழிக்கிறார். இந்தக் கோட்டைத் தொட்டதும் விலை திரும்பியது பாருங்கள் என்கிறார். பார்த்தால் திரும்பித்தான் இருக்கிறது. முதல் வகுப்பு இலவசம். இரண்டாவது வகுப்புக்குக் கட்டணம்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை வரைபடம் என்பது நடந்து முடிந்த கொடுக்கல் வாங்கல்களின் பதிவு. அந்த வகையில் அது பயனுள்ளது. அதை நாளைய விலையின் முன்னறிவிப்பாக விற்பவர், தான் முன்னர் சொன்னவற்றைத் திகதியிட்டு வரிசையாக வைத்து, எத்தனை சரி, எத்தனை பிழை என்று எண்ணிக் காட்டக் கடமைப்பட்டவர். அதைக் காட்டாதவருக்குக் காசு கொடுக்கக் கூடாது.

பொருளியலில் பட்டம் பெறாத நீர் இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம். காரணம், மேலைநாட்டில் இந்தக் கலை பிறந்தது ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில். அதை எண்ணிப் பார்க்க முடிந்ததும் அது பத்திரிகையில் அச்சானதால்தான்.

சார்ள்ஸ் டவ் ஒரு பத்திரிகையாளர். 1889 ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலின் நிறுவனர்களுள் ஒருவர். 1896 இல் 12 கம்பனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்து அவர் உருவாக்கிய சராசரிதான் இன்றும் டவ் ஜோன்ஸ் சுட்டெண் என்ற பெயரில் நாள்தோறும் வெளியாகிறது. சந்தையின் ஏற்ற இறக்கங்கள் குறித்து அவர் ஆசிரிய தலையங்கங்கள் எழுதினார். எதிர்காலம் கூறும் கோட்பாடு எதனையும் அவர் நூலாக எழுதி வைக்கவில்லை. 1902 இல் அவர் இறந்த பின்னர் மற்றவர்கள் அத்தலையங்கங்களிலிருந்து ஒரு கோட்பாட்டைத் திரட்டி, அதற்கு அவருடைய பெயரையே இட்டார்கள். இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் ‘போக்கு’, ‘போக்கு மாற்றம்’ போன்றவற்றுக்கெல்லாம் மூலம் அதுவே.

அந்தக் கோட்பாட்டை வைத்து உண்மையாகவே முன்னறிவித்தவர், அதே பத்திரிகையின் ஆசிரிய தலையங்கப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் பீற்றர் ஹமில்ரன். ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம், சந்தை இனி ஏறும் அல்லது இறங்கும் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். 1929 ஒக்டோபரின் பெருவீழ்ச்சி தொடங்கிய வேளையில், ஒக்டோபர் 25 ஆம் திகதி, அலை திரும்பிவிட்டது என்று எழுதிய பெருமை அவருக்கு உண்டு. அதே ஆண்டு டிசெம்பரில் அவர் காலமானார். வரைபடக்காரர்கள் இன்றும் அந்த ஒரு தலையங்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். மற்றத் தலையங்கங்களைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மற்றவற்றையும் எண்ணியவர் அல்பிரட் கௌல்ஸ். குடும்பச் சொத்தின் முதலீடுகளைக் கவனித்து வந்த அவர், சந்தை ஆரூடம் கூறும் சஞ்சிகைகள் பலவற்றுக்குச் சந்தா கட்டியவர். 1929 இன் வீழ்ச்சியை அவற்றுள் பெரும்பாலானவை சொல்லாது போகவே, இவர்களால் உண்மையில் எதிர்வு கூற முடிகிறதா என்று ஆராயப் புறப்பட்டார். அந்த ஆய்வு 1933 இல் வெளியாகியது. ஹமில்ரனின் தலையங்கங்களை 1904 முதல் 1929 வரை ஒன்றுவிடாமல் படித்து, சந்தை பற்றிய தமது நிலைப்பாட்டை அவர் மாற்றிய 90 சந்தர்ப்பங்களைக் கௌல்ஸ் கண்டறிந்தார். அவற்றுள் சரியானவை 45. பிழையானவை 45. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இதுதான் கிடைத்திருக்கும்.

பணக் கணக்கு இன்னும் தெளிவானது. ஹமில்ரன் சொன்னபடி வாங்கி விற்றிருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவீதம் கிடைத்திருக்கும். எதையும் வாசிக்காமல், பிரதான பங்குகளை வாங்கிப் பேசாமல் வைத்திருந்தவருக்கு 15.5 சதவீதம் கிடைத்திருக்கும்.

ஹமில்ரனுக்கு அநீதி செய்ய நான் விரும்பவில்லை. 1998 இல் வேறு ஆய்வாளர்கள் இக்கணக்கை மீண்டும் பார்த்தார்கள். அவர் பல காலம் சந்தைக்கு வெளியே நிற்கும்படி சொன்னதால் அவரைப் பின்பற்றியவர் எதிர்கொண்ட ஆபத்தும் குறைவு, அதையும் சேர்த்துப் பார்த்தால் அவர் திறமைசாலிதான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஏற்றுக்கொள்வோம். ஆனால் அவர் 26 ஆண்டுகளில் 90 முறை மாத்திரமே நிலைப்பாட்டை மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு தடவை. இன்று கைபேசியில் ஐந்து நிமிட வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் 90 முறை வாங்கி விற்கும் இளைஞனுக்கு ஹமில்ரனை முன்னோடியாகக் காட்டுவது எந்த வகையில் நியாயம்?

வரைபடக்காரர்களின் தரப்பிலும் ஆதாரங்கள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது அழகல்ல. 1992 இல் மூன்று பொருளியலாளர்கள், நகரும் சராசரி போன்ற எளிய விதிகள் டவ் ஜோன்ஸ் சுட்டெண்ணின் 90 ஆண்டுகாலப் பதிவில் ஓரளவு பலன் தந்திருப்பதாகக் காட்டினார்கள். 1993 இல் வெளியான இன்னொரு புகழ்பெற்ற ஆய்வு, சில மாதங்களாக ஏறிவந்த பங்குகள் அடுத்த சில மாதங்களுக்கும் ஏனையவற்றைவிட நன்றாகச் செய்யும் போக்கு இருப்பதாகக் கண்டது. ஆகவே பழைய விலையில் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் 1999 இல் வெளியான ஒரு மறுபரிசீலனை, ஆயிரக்கணக்கான விதிகளைப் பழைய பதிவில் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று பொருந்தவே செய்யும் என்ற அபாயத்தைக் கணக்கிட்டது. பழைய பதிவில் மிகச் சிறந்து விளங்கிய விதி, 1987 முதல் 1996 வரையான அடுத்த பத்தாண்டில் தன் பலனைத் தொடர்ந்து தரவில்லை. 1993 ஆய்வின் கதையும் வேறு. அது நூற்றுக்கணக்கான பங்குகளை ஒன்றாக வைத்து, மாதக்கணக்கில் பார்த்துக் கண்ட சராசரிப் போக்கு. ஒரு பங்கின் வரைபடத்தில் ‘தலையும் தோள்களும்’ தெரிகிறது, நாளை காலை விற்றுவிடு என்று சொல்வதற்கு அது சான்றாகாது.

கண் பார்க்கும் வடிவங்களை நம்பலாமா என்ற கேள்விக்கு 1959 இலேயே ஒரு விடை கிடைத்தது. ஹரி றொபேட்ஸ் என்ற சிக்காகோப் புள்ளிவிபரவியலாளர், குருட்டாம்போக்கான எண்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு வரைபடம் வரைந்தார். அது அசல் டவ் ஜோன்ஸ் வரைபடம் போலவே, மலைகளும் பள்ளங்களும் தோள்களுமாக இருந்தது. அதற்குப் பின்னால் கம்பனியும் இல்லை, வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை.

நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், வார ராசிபலன் எழுதுபவரின் தபால் வந்து சேராத வாரங்களில், அப்பக்கத்துக்குப் பொறுப்பானவர் பழைய இதழொன்றை எடுத்து, மேடத்துக்குரியதை இடபத்துக்கும் இடபத்துக்குரியதை மிதுனத்துக்குமாக மாற்றிப் போட்டுவிடுவார். பலன் பிழைத்துவிட்டது என்று எழுதிய வாசகர் எவரும் என் நினைவில் இல்லை. அப்படியே பலித்தது என்று நன்றி தெரிவித்து எழுதியவர்கள் இருந்தார்கள். பலித்ததை எழுதிவைத்துப் பலிக்காததை மறந்துவிடுவது மனித இயல்பு. ராசிபலனால் போவது பத்திரிகையின் விலை மாத்திரம். வரைபடத்தால் போவது வீட்டுக்காரியின் நகை.

‘ஆதரவு மட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். விலை இறங்கி வந்து ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புமானால், அங்கே ஒரு கண்ணுக்குத் தெரியாத தளம் இருக்கிறது, அதை ஒட்டி வாங்கலாம் என்பது பாடம். நாணயச் சந்தையின் அண்மைக்கால வரலாற்றில் இதைவிட உறுதியான தளம் இருந்திராது என்று சொல்லத்தக்க ஒன்று சுவிஸ் பிராங்கில் இருந்தது. 2011 செப்டெம்பர் 6 ஆம் திகதி, யூரோவின் பெறுமதி 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க அனுமதியோம் என்று சுவிஸ் தேசிய வங்கி அறிவித்தது. அதன் பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக யூரோ அந்தக் கோட்டை நெருங்கியபோதெல்லாம் அங்கேயே தாங்கி நின்றது. பாடப் புத்தகத்தில் அச்சிடத்தக்க வரைபடம் அது.

2015 ஜனவரி 15 ஆம் திகதி முற்பகல், அந்த எல்லையை நீக்கிவிட்டதாக வங்கி அறிவித்தது. சில நிமிடங்களுக்குள் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. நட்டத்தை நிறுத்துவதற்கென்று முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்த ‘ஸ்டொப் லொஸ்’ கட்டளைகள், குறித்த விலையில் வாங்க எவரும் இல்லாததால், அதற்கு மிகக் கீழான விலைகளிலேயே நிறைவேறின. அல்பாரியின் பிரித்தானியக் கிளை நிறுவனம் முறிந்தது. எப்எக்ஸ்சிஎம் என்ற பெரிய தரகு நிறுவனத்துக்கு அதன் வாடிக்கையாளர்கள் செலுத்த வேண்டியிருந்த தொகை மாத்திரம் 22.5 கோடி டொலர். வாடிக்கையாளர்கள் வைப்பிலிட்ட பணம் முழுவதையும் இழந்ததோடு தரகருக்குக் கடனாளியுமானார்கள் என்பதே இதன் பொருள். நிறுவனம் தப்பிப் பிழைப்பதற்கு 30 கோடி டொலர் கடன் வாங்க நேர்ந்தது.

இதில் நாம் காணவேண்டியது இதுதான். 1.20 என்ற தளத்தை உண்டாக்கியது அந்தக் கோடு அல்ல. ஒரு மத்திய வங்கியின் தீர்மானம் அதை உண்டாக்கியது. அதே வங்கியின் இன்னொரு தீர்மானம் அதை நீக்கியது. அறிவிப்புக்கு மூன்று நாட்கள் முன்னர்கூட அவ்வங்கியின் உபதலைவர், அந்த எல்லையே தமது கொள்கையின் அடிப்படை என்று கூறியிருந்தார். பத்திரிகைக்கும் தெரியவில்லை, வரைபடத்துக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைப் பத்திரிகை ஒப்புக்கொள்ளும். வரைபடக்காரர் மறுநாளே அந்த வீழ்ச்சியின் மேலும் ஒரு கோடு கிழித்து, இதோ உடைப்பு, நாங்கள் சொன்னோமே என்பார்.

கொழும்பிலோ பிரச்சினை வேறு விதமானது. 2009 இன் தொடக்கத்தில் 1,500 அளவில் இருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், போர் முடிந்த பின் ஏறத் தொடங்கி, 2011 பெப்ரவரியில் 7,800 ஐ எட்டியது. 2012 இன் நடுப்பகுதியில் 5,000 க்கும் கீழே வந்தது. அந்த ஏற்றத்தின்போது சில பங்குகளின் விலைகள் திட்டமிட்டு உயர்த்தப்பட்டன என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர், ஓராண்டுக்குள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகினார்கள். இரண்டாமவரான திலக் கருணாரத்ன, தம்மீது பிரயோகிக்கப்பட்ட அழுத்தங்களைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்.

சிறிய சந்தையில் ஒரு சிலர் தமக்குள்ளேயே பங்குகளை வாங்கி விற்று விலையை உயர்த்தினால், அது வரைபடத்தில் எப்படித் தெரியும்? அளவும் கூடி, விலையும் பழைய தடையைத் தாண்டி மேலே செல்வதாகத் தெரியும். வாங்கு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அடையாளம் அச்சொட்டாக அதுதான். கோட்டைப் படிப்பவர் இங்கே சந்தையின் மனத்தைப் படிக்கவில்லை. தன்னை ஏமாற்ற நினைப்பவரின் கையெழுத்தைப் படிக்கிறார்.

2022 ஐயும் மறந்துவிடக் கூடாது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. புத்தாண்டு விடுமுறைக்குப் பின்னர் பங்குச் சந்தை ஒரு வாரம் மூடப்பட்டது. 25 ஆம் திகதி திறந்தபோது விலைகள் சரிந்த வேகத்தில் அன்றைய வர்த்தகமும் நிறுத்தப்பட்டது. சந்தையே மூடிக் கிடக்கையில் எந்தக் கோட்டில் போய் விற்பது?

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். கொழும்பில் சாதாரண முதலீட்டாளர் ஒரு பங்கை வாங்கும்போது தரகும் ஏனைய கட்டணங்களுமாக நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் செலுத்துகிறார், விற்கும்போதும் அவ்வளவு. வாங்கி விற்று முடிக்க இரண்டு சதவீதத்துக்கு மேல். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால், ஆண்டு முடிவில் முதலின் கால்வாசி கட்டணமாகவே போயிருக்கும். ஹமில்ரனைப் போலச் சரிக்குச் சரி, பிழைக்குப் பிழை என்று இருப்பவர் இந்தக் கால்வாசியை எங்கிருந்து ஈடுசெய்வார்?

செலவு குறைந்த இடங்களிலும் முடிவு இதுதான். இந்தியப் பங்குச் சந்தைகளின் ஒழுங்குபடுத்துநரான செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2022 மார்ச் வரையான நிதியாண்டிலிருந்து 2024 மார்ச் வரையான நிதியாண்டு வரை, மூன்று ஆண்டுகளில், பியூச்சர்ஸ், ஒப்ஷன்ஸ் சந்தையில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாவுக்கு மேல். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் ஆண்டு வருமானம் ஐந்து இலட்சம் ரூபாவுக்குக் குறைவெனக் காட்டியவர்கள். இலாபம் எடுத்தவர்கள் யார் என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் பெரிய நிறுவனங்களும். அவற்றின் இலாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் தாமாகவே செய்த வர்த்தகத்திலிருந்து கிடைத்தது. பேருந்தில் இருந்தபடி கைபேசியில் கோடு கிழிப்பவர் எதிரே இருப்பது யாரென்று இப்போது விளங்கும்.

பிரேசிலில் 2013 க்கும் 2015 க்கும் இடையில் நாள் வர்த்தகத்தில் இறங்கியவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 300 நாட்களுக்கு மேல் விடாது முயன்றவர்களுள் 97 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். அந்நாட்டின் அடிப்படைச் சம்பளத்தைவிடக் கூடுதலாக உழைத்தவர்கள் 1.1 சதவீதத்தினர். பயிற்சி போதவில்லை, இன்னும் பழகினால் கைகூடும் என்று ஆசான்மார் சொல்கிறார்களே, அதற்கு இதுவே பதில். ஐரோப்பாவில், விலை வித்தியாசத்தின்மேல் பந்தயம் கட்டும் சிஎப்டி கணக்குகளில் 74 முதல் 89 சதவீதமானவை நட்டமடைவதைக் கண்ட ஒழுங்குபடுத்துநர், 2018 முதல் ஒவ்வொரு தரகரும் தமது வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதத்தினர் நட்டமடைகிறார்கள் என்பதை விளம்பரத்திலேயே போடவேண்டும் என்று கட்டளையிட்டார். லண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம்மவர்கள் அந்த வரியைத் தினமும் காண்கிறார்கள். சிகரட் பெட்டியின் எச்சரிக்கையைப் போல அதைக் கடந்து செல்கிறார்கள்.

இத்தனைக்கும் ஆசான்மாரிடம் ஆயத்தமாக ஒரு மறுமொழி உண்டு. முறை சரி, உன் மனந்தான் சரியில்லை, ஒழுக்கம் இல்லை, பேராசைப்பட்டாய், பயந்துவிட்டாய். கோட்டைத் தாண்டிய விலை மீண்டும் உள்ளே வந்துவிட்டால் அதற்குப் ‘பொய் உடைப்பு’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறினாலும் முறை வென்றது, இறங்கினாலும் முறை வென்றது, தோற்றவன் மாத்திரம் மாணவன். பரிகாரம் பலிக்காவிட்டால் செய்தவரிடம் சுத்தமில்லை என்று சொல்லும் சாத்திரியாரிடம் நாம் இதைக் கேட்டிருக்கிறோம். எந்த நிகழ்ச்சியாலும் பொய்யாக்க முடியாத ஒரு கூற்று அறிவாகாது. காசை இழந்த பிள்ளையிடம் தன்மானத்தையும் சேர்த்துப் பறிப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கசக்கும் பகுதி.

செபி 2025 ஜனவரியில் பிறப்பித்த ஒரு கட்டளை சிந்திக்கத்தக்கது. முதலீட்டுக் கல்வி மாத்திரமே வழங்குவதாகச் சொல்பவர்கள், கடந்த மூன்று மாதங்களுக்குட்பட்ட சந்தை விலைகளை வைத்து எந்தப் பங்கையும் சுட்டிக்காட்டிப் பேசக் கூடாது என்பதே அது. கல்விதான் நோக்கமென்றால் பழைய விலைகளே போதும். இன்றைய விலையைக் காட்டினால்தான் வகுப்பு நடக்குமென்றால், அங்கே விற்கப்படுவது ஆலோசனை. அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

2022 இல் ரூபாவின் பெறுமதி சில வாரங்களுக்குள் சரிந்தபோது, வாழ்நாள் சேமிப்பின் பாதி கண்முன்னே கரைவதை இலங்கையில் பலர் கண்டார்கள். இழந்ததை விரைவில் மீட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அவர்களிடம் இருக்கிறது. அகதியாகப் போய் இரண்டு வேலை செய்து மிச்சம் பிடித்தவரின் பிள்ளைக்கு, தகப்பனைப் போல முதுகு ஒடியாமல் உழைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இரண்டுமே நியாயமான உணர்ச்சிகள். அவற்றின் மேல்தான் இந்தக் கடை விரிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே கட்டணம் கேட்பவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் செய்த எல்லா வர்த்தகங்களையும் காட்டும் தரகரின் கணக்கறிக்கை எங்கே? உங்கள் வருமானத்தில் வர்த்தகத்திலிருந்து வருவது எவ்வளவு, வகுப்பிலிருந்தும், எங்களைத் தரகரிடம் சேர்த்துவிடுவதற்குக் கிடைக்கும் தரகுப் பணத்திலிருந்தும் வருவது எவ்வளவு? என்ன நடந்தால் உங்கள் முறை பிழை என்று ஒப்புக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாதவரிடம் முதலிரண்டுக்கும் விடை இராது.

ஹமில்ரன் சரியாகச் சொன்னது பாதி, பிழையாகச் சொன்னது பாதி. ஆயினும் அவர் சொன்ன ஒவ்வொன்றும் திகதியோடு பத்திரிகையில் அச்சாகி, எவரும் எடுத்து எண்ணக்கூடியதாகக் கோப்பில் இருந்தது. அந்த நேர்மையையாவது இன்றைய ஆசான்மாரிடம் எதிர்பார்ப்போம். முடிந்துபோன விலைகளின் மேல் அவர்கள் கிழித்த கோடுகள் போதும். வரைபடத்தின் வலது பக்கத்தில் வெறுமையாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு கோடு கிழித்து, இன்றைய திகதியிட்டு, கையொப்பம் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.